கெவின் பாரி: 18 வயதில் தூக்கிலிடப்பட்ட ஐரிஷ் போராளி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கெவின் பாரியின் பெயரைப் பெரும்பாலானோர் ஒரு பாடலின் வழியாகவே அறிந்திருக்கிறார்கள். பாட்டில் வரும் பாரி ஒரு பலியாடு. வழக்கில் காணப்படும் பாரியோ தான் என்ன செய்கிறோம் என்பதைத் தெரிந்து செய்த ஒரு படைவீரர். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க உதவும் வகையில், வாசகர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

கெவின் பாரி யார்?

டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் மருத்துவம் படித்துவந்த மாணவர். அதே வேளையில் ஐரிஷ் குடியரசுப் படையின் டப்ளின் பிரிவில் பணியாற்றியவர். 1920 செப்டம்பர் 20 அன்று, பிரிட்டிஷ் இராணுவ லாரி ஒன்றை மடக்கி ஆயுதங்களைப் பறிக்கும் முயற்சியில் பிடிபட்டார். அந்த மோதலில் மூன்று சிப்பாய்கள் உயிரிழந்தனர். இராணுவ நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. 1920 நவம்பர் 1 காலை, டப்ளின் மவுண்ட்ஜாய் சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். 1916 ஆகஸ்டில் ரோஜர் கேஸ்மென்ட் இலண்டனில் தூக்கிலிடப்பட்ட பின், ஐரிஷ் குடியரசு இயக்கத்தவர் ஒருவர் மீது பிரிட்டிஷ் அரசு நிறைவேற்றிய முதல் மரண தண்டனை இதுவே.

அப்போது அயர்லாந்தின் அரசியல் நிலைமை என்ன?

1918 டிசம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் அயர்லாந்தின் 105 இடங்களில் 73 இடங்களைச் சின் ஃபெய்ன் கட்சி கைப்பற்றியது. வென்றவர்கள் இலண்டன் நாடாளுமன்றத்துக்குச் செல்ல மறுத்து, 1919 ஜனவரி 21 அன்று டப்ளினில் தங்களுக்கென ஒரு நாடாளுமன்றத்தைக் கூட்டி, அயர்லாந்து சுதந்திரக் குடியரசு என்று அறிவித்தார்கள். அதே நாளில் டிப்பரரி பகுதியில் இரண்டு காவலர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதிலிருந்து தொடங்கிய மறைந்து தாக்கும் போர் 1921 ஜூலை வரை நீடித்தது.

பிரிட்டிஷ் அரசு இதைப் போர் என்று ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்றே சொல்லிவந்தது. ஆனால் சாதாரண நீதிமன்றங்களில் வழக்கு நடத்த முடியவில்லை, ஏனெனில் ஜூரிகள் கூடவில்லை, சாட்சிகள் முன்வரவில்லை. எனவே 1920 ஆகஸ்டில் ‘அயர்லாந்தில் ஒழுங்கை மீட்டெடுக்கும் சட்டம்’ கொண்டுவரப்பட்டது. கொலை உள்ளிட்ட குற்றங்களை இராணுவ அதிகாரிகளே விசாரித்து, குற்றவியல் சட்டத்தில் உள்ள தண்டனையை விதிக்க அது வழிசெய்தது. அதாவது விசாரணை இராணுவத்தினுடையது, கயிறோ சாதாரணக் குற்றவாளிக்கு உரியது. பாரியின் வழக்கு முழுவதையும் புரிந்துகொள்ள இந்த முரண்பாட்டை மனத்தில் இருத்திக்கொள்வது போதும்.

அவருடைய குடும்பப் பின்னணி என்ன?

1902 ஜனவரி 20 அன்று, டப்ளின் நகரின் நடுவிலுள்ள பிளீட் தெருவில் பிறந்தார். தந்தை தாமஸ் பாரி அங்கே பால் வியாபாரம் நடத்தினார். கார்லோ மாவட்டத்தில் ஹேக்கெட்ஸ்டவுன் அருகே குடும்பத்துக்குப் பண்ணை ஒன்றும் இருந்தது. ஏழு பிள்ளைகளில் கெவின் நான்காமவர். அவருக்கு ஆறு வயதானபோது, 1908-இல் தந்தை இறந்துவிட்டார். தாய் மேரி நகரத்து வியாபாரத்தையும் கிராமத்துப் பண்ணையையும் கவனித்தபடி பிள்ளைகளை ஆளாக்கினார். எனவே கெவினின் பிள்ளைப்பருவம் நகரத்திலும் கிராமத்திலுமாகக் கழிந்தது. தொடக்கக் கல்வியைக் கார்லோவின் ராத்வில்லி ஊரிலும் பெற்றிருக்கிறார்.

டப்ளினில் அவர் படித்த பள்ளி 1916-இல் மூடப்பட்டதால், இயேசு சபையினர் நடத்திய பெல்விடியர் கல்லூரிக்கு மாறினார். அங்கே ரக்பியும் ஹர்லிங்கும் விளையாடினார். முன்னது ஆங்கிலேயர் கொண்டுவந்தது, பின்னது அயர்லாந்தின் மண்ணுக்குரியது. அக்காலத்துத் தேசியவாதிகள் பலர் முன்னதைத் தொடவே மாட்டார்கள். கெவினுக்கு அந்தத் தயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. 1919-இல் டப்ளின் மாநகராட்சியின் உதவித்தொகை பெற்று மருத்துவப் படிப்பில் சேர்ந்தார். வறுமையோ வேலையின்மையோ அவரைத் துப்பாக்கி ஏந்தச் செய்தது என்று சொல்ல இடமில்லை. வசதியான கத்தோலிக்கக் குடும்பம், நல்ல கல்வி, கண்முன்னே ஒரு தொழில் என எல்லாம் அவருக்கு இருந்தன.

அவர் எப்போது படையில் சேர்ந்தார்?

1917 அக்டோபரில், 15 வயதில், பின்னர் ஐரிஷ் குடியரசுப் படை என்று அழைக்கப்பட்ட ஐரிஷ் தன்னார்வப் படையில் சேர்ந்தார். அப்போது பெல்விடியரில் பள்ளி மாணவர். அதற்கும் முன்பே, போராட்டத்தில் உயிர்நீத்த மூவருக்காக நடந்த நினைவுக் கூட்டம் ஒன்றிலிருந்து திரும்பியவர், இயக்கத்தின் சிறுவர் அணியில் சேர விரும்பினார் என்றும் வீட்டார் தடுத்துவிட்டனர் என்றும் சொல்லப்படுகிறது.

தொடக்கத்தில் அவருக்குக் கிடைத்த வேலைகள் சிறியவை. உத்தரவுகளைச் சைக்கிளில் கொண்டுசேர்ப்பது, அணிவகுப்புப் பயிற்சி, ஆயுதங்களைப் பதுக்கி வைப்பது போன்றவையே. பிறகு நிலைமை மாறியது. 1920 ஜூன் 1 அன்று டப்ளினில் கிங்ஸ் இன்ஸ் என்ற சட்டக் கல்வி நிறுவனத்தைக் காவல் காத்த இராணுவக் குழுவை இவருடைய அணியினர் திடீரெனச் சூழ்ந்து, ஒரு குண்டுகூடச் சுடாமல் 25 துப்பாக்கிகளையும் இரண்டு இலகு இயந்திரத் துப்பாக்கிகளையும் கைப்பற்றிச் சென்றனர். பிடிபட்ட சிப்பாய்களை அங்கேயே விட்டுவிட்டார்கள். அந்த அணியில் பாரியும் இருந்தார். செப்டம்பர் தாக்குதலையும் இதே போல் முடித்துவிடலாம் என்று அவர்கள் நம்பியதற்கு இந்த எளிய வெற்றி ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

1920 செப்டம்பர் 20 அன்று நடந்தது என்ன?

டப்ளினின் சர்ச் தெருவில் மங்க்ஸ் பேக்கரி என்ற ரொட்டிக்கடை இருந்தது. இராணுவ முகாமுக்கு ரொட்டி ஏற்றிச் செல்ல அங்கே ஒரு லாரி வழக்கமாக வரும். உடன் ஆயுதம் தாங்கிய சிப்பாய்கள் சிலர் வருவார்கள். சார்ஜன்ட் இறங்கிக் கடைக்குள் போவார், மற்றவர்கள் வண்டியிலேயே இருப்பார்கள். நேரம் தவறாத இந்த வழக்கத்தைக் கவனித்த குடியரசுப் படையினர், சிப்பாய்களை மடக்கி ஆயுதங்களைப் பிடுங்கிக்கொண்டு கலைந்துவிடத் திட்டமிட்டனர். கொல்வது நோக்கமாக இருக்கவில்லை.

அன்று திங்கட்கிழமை. பிற்பகல் இரண்டு மணிக்குப் பாரிக்கு மருத்துவத் தேர்வு இருந்தது. காலைத் திருப்பலிக்குப் போய்விட்டு, போல்டன் தெருவில் அணியினரோடு சேர்ந்துகொண்டார். காரியம் முடிந்ததும் தேர்வு எழுதப் போய்விடலாம் என்பது அவர் கணக்கு.

லாரி வந்து நின்றது. அணியினர் பின்புறமாகவும் பக்கவாட்டிலும் நெருங்கி, ஆயுதங்களைக் கீழே போடும்படி உத்தரவிட்டனர். சிப்பாய்களில் சிலர் பணிந்தார்கள். யாரோ ஒருவர் சுட, அடுத்த நொடியே இரு பக்கமும் துப்பாக்கிகள் வெடித்தன. பாரியின் கையில் இருந்தது மவுசர் வகைக் கைத்துப்பாக்கி. அது சிக்கிக்கொண்டது. மண்டியிட்டு அதைச் சரிசெய்து மறுபடி சுட முயன்றபோது மீண்டும் சிக்கியது. தலைநிமிர்ந்து பார்த்தபோது தோழர்கள் பின்வாங்கிப் போயிருந்தார்கள். தப்பிக்க வழியில்லாமல் லாரியின் அடியில் புகுந்து படுத்துக்கொண்டார்.

சிப்பாய்கள் அவரைப் பார்க்கவில்லை. வண்டியைக் கிளப்பும் நேரத்தில், தெருவில் நின்ற ஒரு பெண், வண்டிக்கு அடியில் ஆள் இருக்கிறான் என்று கத்திவிட்டார். காட்டிக் கொடுக்கும் எண்ணத்தோடு அல்ல, சக்கரத்தில் நசுங்கிவிடுவானே என்ற பதைப்பில்தான் கத்தினார் என்பதே டப்ளினில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கீழே குனிந்து பார்த்த சிப்பாய்கள் அவரை வெளியே இழுத்து, லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இறந்த சிப்பாய்கள் யார்?

டியூக் ஆஃப் வெலிங்டன் படைப்பிரிவைச் சேர்ந்த ஹரால்ட் வாஷிங்டன், தாமஸ் ஹம்ஃப்ரிஸ், மார்ஷல் வைட்ஹெட் ஆகிய மூவர். வாஷிங்டன் அந்த இடத்திலேயே இறந்தார். மற்ற இருவரும் காயங்களால் பின்னர் இறந்தனர். ஹம்ஃப்ரிஸுக்கு 19 வயது, வைட்ஹெட்டுக்கு 20. வாஷிங்டனுக்கு 15 வயதுதான் என்று பின்னாளில் வெளிவந்த விவரங்கள் காட்டுகின்றன.

பாரியின் இளமையைப் பற்றிப் பேசும் கட்டுரைகளில் பெரும்பாலானவை இந்த மூவரையும் ‘மூன்று சிப்பாய்கள்’ என்று சொல்லிக் கடந்துவிடுகின்றன. அது நேர்மையாகாது. வயதைக் காட்டி இரக்கம் கோருவதானால், அந்தத் தெருவில் அன்று மிகவும் இளையவராக இருந்தவர் பாரி அல்லர். அயர்லாந்தில் இருந்த பிரிட்டிஷ் படைகளின் தளபதி ஜெனரல் மக்ரெடியும் இதே வாதத்தைத்தான் முன்வைத்தார்: இறந்த மூவரும் அதிகாரப்பூர்வக் கணக்கின்படி 19, 20 வயதினர், உண்மையில் அதைவிடவும் குறைவாக இருக்கக்கூடும் என்று அவரே குறிப்பிட்டார்.

பாரி சுட்டதால்தான் அவர்கள் இறந்தார்களா?

வழக்கில் வைட்ஹெட்டைக் கொன்றதாக மட்டுமே பாரி மீது குற்றம் சாட்டப்பட்டது. வைட்ஹெட்டின் உடலில் பாய்ந்தது .45 அளவுக் குண்டு, பாரியிடம் இருந்ததோ .38 அளவுத் துப்பாக்கி என்று சாட்சிகள் கூறினர். எனவே அவரைக் கொன்ற குண்டு பாரியின் துப்பாக்கியிலிருந்து வந்திருக்க வாய்ப்பில்லை என்ற வாதம் வலுவானது.

ஆனால் இதை வைத்துப் பாரி நிரபராதி என்று முடிவுகட்டுவதும் சரியாகாது. பொது நோக்கத்தோடு ஆயுதமேந்தி வந்த குழுவில் யார் சுட்டாலும் எல்லோருக்கும் பொறுப்பு உண்டு என்பது ஆங்கிலச் சட்டத்தின் நீண்டகால நிலைப்பாடு. அரசுத் தரப்பு இதையே பற்றிக்கொண்டது. பாரியும் தான் அங்கே இல்லை என்றோ சுடவில்லை என்றோ நீதிமன்றத்தில் சொல்லவில்லை. குண்டின் அளவைச் சுட்டிக்காட்டித் தப்பிக்க அவர் முயன்றதே இல்லை. அவருக்காக இந்த வாதத்தை எடுத்துப் பேசியவர்கள் எல்லாம் பின்னால் வந்தவர்கள்தான்.

அவர் சித்திரவதை செய்யப்பட்டாரா?

செய்யப்பட்டதாக அவரே பிரமாண வாக்குமூலம் அளித்தார். தூக்குக்கு நான்கு நாள் முன்னதாக, அக்டோபர் 28 அன்று, சிறையில் கையொப்பமிட்ட அந்த வாக்குமூலத்தில், பிடிபட்ட அன்று இராணுவ முகாமில் நடந்ததை அவர் விவரிக்கிறார். உடன் வந்தவர்களின் பெயர்களைக் கேட்டார்கள். மறுத்தபோது ஒரு சார்ஜன்ட் துப்பாக்கிமுனைக் கத்தியை வயிற்றுக்கு நேராக நீட்டினார். பிறகு தரையில் குப்புறப் படுக்கவைத்து, முதுகின்மேல் முழங்காலை ஊன்றி, தலைமுடியைப் பிடித்து இழுத்து, கையை முறுக்கினார்கள். கை முறுக்கப்பட்டது பல நிமிடங்கள் நீடித்தது என்றும், பெயர்களைச் சொல்லவில்லை என்றும் வாக்குமூலம் கூறுகிறது.

வாக்குமூலத்தின் நடை கவனிக்கத்தக்கது. அதில் புலம்பலோ வீரவசனமோ கிடையாது. கேட்ட கேள்வி, சொன்ன பதில், செய்த செயல் என்று வரிசையாக, ஒரு மருத்துவ மாணவர் நோயாளியின் குறிப்பை எழுதுவது போல எழுதப்பட்டிருக்கிறது. சின் ஃபெய்ன் தலைவர் ஆர்தர் கிரிஃபித் அதை உடனே உலகப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். வாக்குமூலம் பிரச்சாரத்துக்குப் பயன்பட்டது உண்மை. அதற்காகவே கேட்டு வாங்கப்பட்டது என்பதும் உண்மையே. அதனால் மட்டும் அது பொய்யாகிவிடாது. அக்காலத்து முகாம்களில் கைதிகள் நடத்தப்பட்ட விதம் குறித்துக் கிடைக்கும் மற்றச் செய்திகளோடு அது ஒத்துப்போகவே செய்கிறது.

விசாரணையில் அவர் ஏன் எதிர்வாதம் செய்யவில்லை?

அக்டோபர் 20 அன்று டப்ளின் மார்ல்பரோ படைமுகாமில், பிரிகேடியர் ஜெனரல் ஆன்ஸ்லோ தலைமையில் ஒன்பது அதிகாரிகள் கொண்ட இராணுவ நீதிமன்றம் கூடியது. பாரியோடு கலந்துபேச அவருடைய வழக்கறிஞர் ஷான் ஓ ஹூயி சிறிது அவகாசம் கேட்டார், நீதிமன்றம் தந்தது. கலந்துபேசிவிட்டு வந்ததும் பாரி சொன்னது ஒரே வாக்கியம்: ஐரிஷ் குடியரசின் படைவீரன் என்ற முறையில் இந்த நீதிமன்றத்தை ஏற்க மறுக்கிறேன். மரண தண்டனைக்குரிய குற்றச்சாட்டு என்று ஆன்ஸ்லோ எடுத்துச் சொல்லியும் பாரி மேற்கொண்டு பேசவில்லை. கட்சிக்காரர் நீதிமன்றத்தையே ஏற்காதபோது தனக்கு அங்கே வேலையில்லை என்று சொல்லி வழக்கறிஞரும் விலகிக்கொண்டார்.

இது பாரி தானாக எடுத்த முடிவு மட்டுமன்று. குடியரசுப் படையினர் பொதுவாகப் பின்பற்றிய நிலைப்பாடு. நீதிமன்றத்தில் வாதாடினால் அதன் அதிகாரத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும், பிறகு குடியரசு இருக்கிறது என்று சொல்வதற்குப் பொருளே இருக்காது. அதுவரை இந்த நிலைப்பாட்டுக்கு விலை சில மாதச் சிறையாக இருந்தது. பாரிக்கு அது உயிராக இருந்தது. இராணுவ வழக்கப்படி தீர்ப்பு நீதிமன்றத்தில் அறிவிக்கப்படவில்லை. அன்றிரவு அதிகாரி ஒருவர் சிறை அறைக்கு வந்து, தூக்குத் தண்டனை என்று வாசித்துவிட்டுப் போனார்.

18 வயது என்பதற்காகவாவது மன்னித்திருக்கக் கூடாதா?

பலரும் அதையே கேட்டார்கள். டப்ளின் பேராயர் வில்லியம் வால்ஷ், நகர மேயர் லாரன்ஸ் ஓநீல் போன்றோர் தண்டனையைக் குறைக்கும்படி வேண்டினர். அரசு இணங்கவில்லை.

காரணங்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. புதிய சட்டம் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதன்கீழ் வந்த முதல் மரண தண்டனை வழக்கு இது. குற்றவாளி ஆயுதத்தோடு சம்பவ இடத்திலேயே பிடிபட்டவர். இதில் இரக்கம் காட்டினால் அடுத்து எந்த வழக்கிலும் தண்டனையை நிறைவேற்ற முடியாது என்று இராணுவம் கருதியது. தங்கள் தோழர்களைப் பறிகொடுத்த சிப்பாய்கள் பழிவாங்கக் கிளம்பிவிடுவார்கள் என்ற அச்சமும் இருந்தது. ஒரு நிர்வாகியின் மேசையிலிருந்து பார்த்தால் இவை அர்த்தமுள்ள காரணங்களாகவே தோன்றும். அரசியலாகப் பார்த்தால், அந்த ஆண்டில் பிரிட்டிஷ் அமைச்சரவை எடுத்த மிக மோசமான முடிவுகளில் இதுவும் ஒன்று.

சுட்டுக் கொல்வதற்கும் தூக்கிலிடுவதற்கும் என்ன வேறுபாடு? அதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

அந்த வழக்கின் சாரமே அதில்தான் இருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக நடந்த 1916 எழுச்சியின் தலைவர்களை டப்ளினிலும் கார்க்கிலும் பிரிட்டிஷ் இராணுவம் சுட்டுக் கொன்றது. சுட்டுக் கொல்வது படைவீரனுக்குரிய சாவு. கயிறு கொலைகாரனுக்கும் திருடனுக்கும் உரியது. பாரியைத் தூக்கிலிட்டதன் மூலம், நீ படைவீரன் அல்லன், வெறும் கொலையாளி என்று அரசு அவருக்கு மட்டுமன்றி அவர் சார்ந்த படை முழுவதற்கும் சொன்னது. பாரியைப் பற்றிய பாடலில், என்னைப் படைவீரனைப் போலச் சுடுங்கள் என்று அவர் கேட்பதாக வரும் வரி இதைத்தான் பிடித்துக்கொள்கிறது.

கிரிஃபித் தன் அறிக்கையில் இந்த முரண்பாட்டைக் கூர்மையாகக் காட்டினார். கிங்ஸ் இன்ஸில் 25 பிரிட்டிஷ் சிப்பாய்களைக் குடியரசுப் படை பிடித்தபோது ஆயுதங்களை வாங்கிக்கொண்டு விடுவித்தது. எங்களிடம் பிடிபட்டவர்களை நாங்கள் போர்க்கைதிகளாக நடத்துகிறோம், நீங்களோ எங்கள் ஆட்களைத் தூக்கிலிடுகிறீர்கள் என்பது அவர் வாதம். அந்தச் சிப்பாய்களை விடுவித்த அணியிலும் பாரி இருந்தார் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

அரசின் நிலைப்பாடு சில மாதங்களிலேயே குழம்பிப் போனது. 1920 டிசம்பரில் தெற்கு மாவட்டங்களில் இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்ட பின், கார்க்கில் பிடிபட்ட குடியரசுப் படையினர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1921 பிப்ரவரியில் கொர்னீலியஸ் மர்ஃபி அவர்களில் முதல்வர். அதே சமயம் டப்ளினில் கயிறு தொடர்ந்தது. பாரியின் கல்லூரித் தோழரும் அணித் தோழருமான ஃபிராங்க் ஃபிளட் 1921 மார்ச் 14 அன்று 19 வயதில் தூக்கிலிடப்பட்டார். அவர் மீதான குற்றச்சாட்டு கொலை அன்று. மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்த தேசத்துரோகம். போரே நடக்கவில்லை என்று சொன்ன அரசு, போர் தொடுத்தார் என்று ஒருவரைத் தூக்கிலிட்டது.

அவருடைய இறுதி நாட்கள் எப்படிக் கழிந்தன?

அயர்லாந்து முழுவதுமே அந்த வாரம் துக்கத்தில் இருந்தது. கார்க் நகர மேயர் டெரன்ஸ் மெக்ஸ்வினி, 74 நாள் உண்ணாவிரதத்துக்குப் பின் அக்டோபர் 25 அன்று இலண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் இறந்தார். அவருடைய அடக்கம் அக்டோபர் 31, ஞாயிற்றுக்கிழமை அன்று கார்க்கில் நடந்தது. மறுநாள் காலை பாரிக்குத் தூக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாயும் உடன்பிறந்தவர்களும் வந்து அவரைப் பார்த்தார்கள். திங்கட்கிழமை அனைத்துப் புனிதர் திருநாள். கத்தோலிக்கர் கட்டாயம் திருப்பலிக்குச் செல்ல வேண்டிய கடன் திருநாள். அன்று தூக்கிலிடுவதா என்ற கோபமும் மக்களிடம் இருந்தது. காலையில் திருப்பலி கண்டு, நற்கருணை வாங்கினார். சிறையின் ஆன்ம குருவான கேனன் வாட்டர்ஸ் அவரோடு தூக்குமேடை வரை நடந்தார். இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்ட ஜான் எல்லிஸ் தண்டனையை நிறைவேற்றினார். சிறைக்கு வெளியே பெருங்கூட்டம் தெருவில் மண்டியிட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு வாட்டர்ஸ் தாய்க்கு எழுதிய கடிதத்தில், தாம் கண்ட மரணங்களில் மிகப் புனிதமானவற்றுள் அது ஒன்று என்று குறிப்பிட்டார்.

அவரை மீட்க இயக்கம் முயலவில்லையா?

சிறைச் சுவரைத் தகர்த்து உள்ளே நுழைவது உட்படத் திட்டங்கள் பேசப்பட்டன. வெளியே பொதுமக்கள் கூட்டம், உள்ளே பலத்த காவல். கடைசியில் எதுவும் செயலுக்கு வரவில்லை.

தூக்குக்குப் பின் என்ன நடந்தது?

அச்சமூட்டுவதற்காக நிறைவேற்றப்பட்ட தண்டனை எதிர்விளைவையே தந்தது. பாரி படித்த பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர்கள் பலர் குடியரசுப் படையில் சேர்ந்தனர். மூன்று வாரம் கழித்து, நவம்பர் 21 அன்று, குடியரசுப் படையின் உளவுத் தலைவர் மைக்கேல் காலின்ஸின் ஆட்கள் டப்ளினில் பிரிட்டிஷ் உளவு அதிகாரிகளை வீடு வீடாகச் சென்று சுட்டனர். அன்று பிற்பகலே க்ரோக் பார்க் விளையாட்டரங்கில் அரசுப் படைகள் கூட்டத்தின்மீது சுட்டு 14 பேரைக் கொன்றன. பாரியின் தூக்குதான் இவற்றுக்கெல்லாம் காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். அது மிகை; காலின்ஸின் திட்டம் உளவுப்போரின் தேவையிலிருந்து உருவானது. ஆனால் இரு தரப்பிலும் இனிப் பின்வாங்குவதில்லை என்ற மனநிலையை அந்த நவம்பர் 1 இறுக்கிவிட்டது என்று சொல்லலாம்.

அதே வாரத்தில் இந்தியாவிலும் ஓர் ஐரிஷ் இளைஞர் கொல்லப்பட்டார் என்கிறார்களே?

உண்மை. பிரிட்டிஷ் இராணுவத்தின் கன்னாட் ரேஞ்சர்ஸ் படைப்பிரிவு அப்போது பஞ்சாபில் நிறுத்தப்பட்டிருந்தது. அயர்லாந்தில் அரசுப் படைகள் செய்துவந்த அட்டூழியங்களைக் கேள்விப்பட்ட ஐரிஷ் சிப்பாய்கள், 1920 ஜூன் 28 அன்று ஜலந்தரில் பணி செய்ய மறுத்தனர். கலகம் சோலனுக்குப் பரவியது. அங்கே ஜேம்ஸ் டாலி என்பவர் தலைமையில் ஆயுதக் கிடங்கைக் கைப்பற்ற முயன்றபோது சிப்பாய்கள் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பலருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டாலும், டாலி ஒருவருக்கே அது நிறைவேற்றப்பட்டது. நவம்பர் 2 அன்று, பாரி இறந்த மறுநாள், கல்லறைத் திருநாளில், சிம்லாவுக்கு அருகிலுள்ள தக்‌ஷாய் சிறையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 20. 1970-இல் அவருடைய எச்சங்கள் அயர்லாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டன.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். பிரிட்டிஷ் சீருடையில் கலகம் செய்த டாலிக்குப் படைவீரனின் சாவு கிடைத்தது; தன்னைப் படைவீரன் என்று சொல்லிக்கொண்ட பாரிக்கு அது மறுக்கப்பட்டது.

பாரியின் உடல் குடும்பத்தாரிடம் தரப்பட்டதா?

தரப்படவில்லை. தூக்கிலிடப்பட்டவர்களைச் சிறை வளாகத்துக்குள்ளேயே புதைப்பது அக்காலச் சட்டம். பாரிக்குப் பின் 1921 ஜூன் வரை மேலும் ஒன்பது பேர் மவுண்ட்ஜாயில் தூக்கிலிடப்பட்டு அங்கேயே புதைக்கப்பட்டனர். அவர்களில் ஃபிராங்க் ஃபிளட், பாரிக்கு அருகில் தன்னைப் புதைக்கும்படி கேட்டுக்கொண்டார் என்று சொல்லப்படுகிறது. அயர்லாந்து விடுதலை பெற்ற பின்னும் பத்துப் பேரின் உடல்களும் சிறைக்குள்ளேயே கிடந்தன. ‘மறக்கப்பட்ட பதின்மர்’ என்ற பெயர் அதனால் வந்தது.

2001 அக்டோபர் 14 அன்று அரசு மரியாதையுடன் அவர்களுக்கு மறுஅடக்கம் நடந்தது. சவப்பெட்டிகள் டப்ளினின் முதன்மைத் தெருவான ஓகானல் தெரு வழியாகக் கொண்டு செல்லப்பட, பல்லாயிரம் பேர் இருபுறமும் நின்றனர். பிரதமர் பெர்டி அஹெர்ன் உரையாற்றினார். ஆளும் கட்சியின் மாநாடு நடந்த அதே வார இறுதியில் இது வைக்கப்பட்டதை அரசியல் ஆதாயம் தேடும் செயல் என்று விமர்சித்தவர்களும் உண்டு. வடக்கு அயர்லாந்தின் வன்முறைக்கு இது மறைமுக ஆதரவாகிவிடும் என்று கவலைப்பட்டவர்களும் உண்டு. ஒன்பது பேர் டப்ளினின் கிளாஸ்னெவின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டனர். பத்தாமவரான பேட்ரிக் மாஹர், குடும்பத்தின் விருப்பப்படி, லிமரிக் மாவட்டத்தில் சொந்த ஊருக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் உயிரோடு இருந்திருந்தால் பிரிட்டனோடு செய்துகொள்ளப்பட்ட 1921 ஒப்பந்தத்தை ஆதரித்திருப்பாரா?

இதற்கு யாராலும் விடை சொல்ல முடியாது. ஆனாலும் இரு தரப்பினருமே அவரைத் தமக்கு உரியவராகச் சொல்லிக்கொண்டார்கள். ஒப்பந்தத்தை அவருடைய மூத்த சகோதரி கேத்லீன் எதிர்த்தார், எதிர்ப்பாளர்களின் பக்கம் நின்று தீவிரமாகச் செயல்பட்டார். 1922–23 உள்நாட்டுப் போரில் புதிய ஐரிஷ் அரசு 70-க்கும் மேற்பட்ட குடியரசுவாதிகளுக்கு மரண தண்டனை நிறைவேற்றியது. 1920–21-இல் பிரிட்டிஷ் அரசு சட்டப்படி நிறைவேற்றியவை 24 மட்டுமே. பாரியைத் தியாகி என்று கொண்டாடும் மேடைகளில் இந்த எண்கள் பெரும்பாலும் உச்சரிக்கப்படுவதில்லை.

பாரியின் நினைவிடங்கள் எங்கே உள்ளன?

கிளாஸ்னெவினில் கல்லறை இருக்கிறது. கார்லோவின் ராத்வில்லியில் நினைவுச்சின்னம் ஒன்று உண்டு. அவர் படித்த பல்கலைக்கழகக் கல்லூரியில் அவர் நினைவாக வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்று அமைக்கப்பட்டது. மவுண்ட்ஜாய் இன்றும் சிறையாகவே இயங்குவதால், அவர் முதலில் புதைக்கப்பட்ட இடத்தைப் பொதுமக்கள் நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்க இயலாது.